ரயில் அக்கா வீட்டுக்குப் போகாது

பிப்ரவரி 2

அக்காவுக்கு,

'அன்புள்ள' என்று தொடங்கி, அடித்துவிட்டு, அடித்தது தெரியக் கூடாதென்று வேறு தாள் எடுத்திருக்கிறேன். மூன்று வருடம் கழித்து எழுதும் கடிதம் அடித்தல் திருத்தலோடு போக வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். பாடநூல்கள் அச்சாகும் பருவம் இது. உன் நகரத்தில் இருக்கும் எங்கள் தலைமை அச்சகத்தில் ஆள் போதவில்லையாம். பத்து நாள் போய்ப் புரூப் பார்த்துக் கொடு என்று என்னை அனுப்புகிறார்கள். மார்ச் 19, ஞாயிறு, பிற்பகல் மூன்றரைக்கு விமானம் இறங்குகிறது. நாற்பத்துநாலு வயதில் முதல் விமானப் பயணம். மேலாளர் சீட்டைக் கொடுத்துவிட்டு, "ஆகாயத்துல போறதுதான் எங்க பொறுப்பு. தரையில இறங்கினதும் ஊருக்குள்ள போறது உங்க பாடு" என்றார்.

நீ பதினோரு வருடமாக விமான நிலையத்தின் விசாரணை கவுண்டரில் உட்கார்ந்து, ஊருக்குள் எப்படிப் போவது என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்கிறாய். ஒரு முறை எனக்கும் சொல். ரயிலா, பஸ்ஸா, காரா? தங்குவதற்குப் பெரிய ரயில் நிலையத்தின் எதிரே அச்சகத்தின் விருந்தினர் அறை இருக்கிறது. உன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொள்வேனோ என்று பயப்படாதே.

போன் செய்யவில்லை. கடைசியாகப் போனில் பேசியது உனக்கு நினைவிருக்கும். உன் கல்யாணத்தன்று நான் உன்னிடம் நாலு கேள்வி கேட்டேன், நாலுக்கும் அவர்தான் பதில் சொன்னார் என்றேன். "உனக்கு மனுஷங்களும் புரூப் தாள்தான், சிவப்பு மையோடதான் பார்ப்ப" என்று சொல்லி நீ போனை வைத்துவிட்டாய். இனி உன் குரலைக் கேட்பதில்லை என்று நானும் சபதம் போட்டேன். சபதத்தில் கடிதம் சேர்த்தி இல்லை.

கடுகு


பிப்ரவரி 9

என் கடுகுக்கு,

நீ அடித்த 'அன்புள்ள'வை நான் படித்துக்கொண்டேன். மேல் தாளில் அழுத்தி எழுதினால் கீழ்த் தாளில் பதியும் என்பது புரூப்காரிக்குத் தெரியாதா?

கவுண்டரில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நடு நடுவே ஆள் வருவார்கள். வரிகள் துண்டு துண்டாக இருந்தால் மன்னித்துக்கொள்.

உனக்கு மூன்று வழி. ரயில் என்றால் வருகைக் கூடத்திலேயே நகரும் படியில் கீழே இறங்கு. இருபது நிமிடத்துக்கு ஒன்று. பெரிய நிலையத்துக்கு முப்பத்தெட்டு நிமிடம், மாற வேண்டியதில்லை, கடைசி வண்டி இரவு பதினொன்று பத்துக்கு. பஸ் என்றால் ஒன்பதாம் தூணுக்கு எதிரே பதினேழாம் எண். மலிவு, ஆனால் ஒரு மணி நேரம் பத்து நிமிடம் ஆகும், பெட்டியை மடியில்தான் வைக்க வேண்டும். (ஒரு குடும்பம் வந்தது. ஏழு பேர், பதினாலு பெட்டி. பஸ்ஸில்தான் போவோம் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள்.) கார் என்றால் எந்தக் காரும் ஆற்றுப் பாலத்தைக் கடந்துதான் ஊருக்குள் நுழைய முடியும். பாலத்துச் சுங்கச் சாவடிக்கு இங்கிருந்து முப்பத்தைந்து நிமிடம். சாவடிக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் பழைய கல்குவாரிக்கு ஒரு மண்பாதை பிரிகிறது, அதைத் தவிர வேறு வழியே கிடையாது. மணிக்கொரு தரம் நான் சாவடிக்குப் போன் போட்டு "பாலம் எப்படி?" என்று கேட்பேன். "காலிம்மா" என்றோ "நெரிசல்மா" என்றோ ஒரு குரல் சொல்லும். பதினோரு வருடமாக அந்தக் குரலை எனக்குத் தெரியும், முகத்தைப் பார்த்ததில்லை.

நீ ரயிலில் வா.

உன் அத்தான் இங்கே கார் ஓட்டுகிறார் என்பது உனக்குத் தெரியும். நீ வருவதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. வீடும் மாறிவிட்டோம், நகரத்தின் அந்தக் கோடியில். பஸ் போகாத இடம். கடிதத்தைக் கவுண்டர் முகவரிக்கே எழுது, அதுதான் வசதி.

அவரை எப்படிச் சந்தித்தேன் என்று நீ கேட்டதே இல்லை, கோபத்திலேயே இருந்துவிட்டாய். தனியாக வரும் பெண்கள் காரில் ஏறினால், கார் எண்ணை ஒரு நீல நோட்டில் குறித்துக்கொள்வது என் வழக்கம். கவுண்டர் போன் எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதி, என் முத்திரையைக் குத்தி, "போய்ச் சேர்ந்ததும் ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று கொடுப்பேன். போன் வந்தால் நோட்டில் டிக். ஒன்றரை மணி நேரத்தில் வராவிட்டால் போலீஸ் மேசைக்குச் சொல்வேன். இதை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஐந்து வருடத்துக்கு முன் பச்சைக் கைப்பிடி போட்ட பெட்டியோடு ஒரு பெண் வந்தாள். போன் வரவில்லை. போலீஸ் மேசைக்கு எழுந்தபோது அந்தக் கார் ஓட்டுநரே வந்து நின்றார். "அந்தம்மாவை வாசல்லயே இறக்கி விட்டுட்டேங்க. களைப்புல போன் பண்ண மறந்திருப்பாங்க. நீங்க பதறுவீங்களேன்னுதான் வந்தேன்" என்றார். நான் பதறுவேன் என்று நினைத்துத் திரும்பி வந்த முதல் மனிதர். டிக் போட்டேன். அவர்தான் உன் அத்தான்.

பார், எவ்வளவு எழுதிவிட்டேன்.

உன்
அக்கா


பிப்ரவரி 16

அன்புள்ள அக்கா (அடிக்கவில்லை),

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மணிக்கூண்டு என்று சின்ன வயதில் உனக்குப் பெயர் வைத்தது வீண் போகவில்லை. முப்பத்தெட்டு நிமிடத்தை அட்டையில் எழுதிக் கைப்பையில் வைத்துவிட்டேன். ரயிலில்தான் வருவேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. திருத்தத்தை ஆசிரியரே பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். "ஆசிரியர் சரின்னு சொல்லிட்டார்" என்று அச்சுக் கோப்பவர் வந்து சொன்னால் அது செல்லாது. அந்த டிக்கை நீ யார் சொல்லிப் போட்டாய்? போய்ச் சேர்ந்தவள் சொல்லியா, கொண்டுபோய் விட்டவர் சொல்லியா?

பிறகாவது அவள் பேசினாளா? அவள் குரலை நீ கேட்டாயா?

அற்ப விஷயம்தான். எனக்கு இப்படி ஏதாவது கண்ணில் பட்டால் அன்று சோறு இறங்காது, உனக்குத் தெரியும்.

இன்னொன்று. அக்காவின் வீட்டு முகவரி தங்கைக்குத் தெரியாமல் இருப்பதில் என்ன வசதி?

கடுகு


பிப்ரவரி 24

கடுகு,

கேட்காமல் இருந்திருக்கலாம் நீ.

நோட்டை எடுத்துப் பார்த்தேன். பழைய நோட்டுகளை இழுப்பறையில் அடுக்கி வைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தில் மற்ற டிக்குகளெல்லாம் நீல மையில். அது மட்டும் கறுப்பு. அன்று என் பேனா எழுதவில்லை, அவர் தன் பேனாவைக் கொடுத்தார். அது எனக்கு மறந்தே போயிருந்தது.

சாப்பிடும்போது விளையாட்டாகக் கேட்டேன். "அந்தப் பச்சைப் பெட்டிக்காரம்மா அப்புறம் உங்க கார்ல வந்தாங்களா?" அவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். முழுதும் குடித்து முடித்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அஞ்சு வருஷம் கழிச்சு இப்ப யாரு உனக்கு ஞாபகப்படுத்தினது?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

உன் கடிதத்தைக் கைப்பையில் வைத்திருந்தேன். நான் எதையும் நாலாகத்தான் மடிப்பேன். மறுநாள் எடுத்தபோது மூன்றாக மடிந்திருந்தது.

கடுகு, அவர் என்னை ஒரு அடி அடித்ததில்லை. குரலைக்கூட உயர்த்தியதில்லை. காலையில் அவரே என்னை வேலைக்குக் கொண்டுவந்து விடுவார், மாலையில் அவரே அழைத்துப் போவார். மூன்று வருடத்தில் நான் ஒரு நாளும் ரயிலில் வீட்டுக்குப் போனதில்லை. ரயிலைப் பற்றி ஊருக்கே சொல்கிறவள்! இப்போது வேலையை விட்டுவிடு என்கிறார். எனக்குக் கால் வலியாம். எனக்குக் கால் வலிக்கவில்லை.

நேற்று பரணில் பழைய போர்வை தேடினேன். மூலையில் ஒரு பெட்டி. கைப்பிடி பச்சை. "யாரோ பாசஞ்சர் விட்டுட்டுப் போனது" என்றார் கீழேயிருந்து. நான் ஏணியில் நின்றிருந்தேன், ஏணியை அவர் பிடித்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் கேட்கவே இல்லை, அதற்குள் பதில் வந்துவிட்டது.

உலகத்தில் பச்சைக் கைப்பிடிப் பெட்டி ஒன்றே ஒன்றா என்ன? ஆயிரம் இருக்கும்.

நீ ரயிலிலேயே வா. நான் நேரம் சொன்னால் தப்பாது. அது ஒன்றுதான் எனக்கென்று இருப்பது.

அக்கா


மார்ச் 4

அன்புத் தங்கைக்கு,

நலம். நலமறிய ஆவல். ஒரு நல்ல செய்தி. நேற்றோடு வேலையை விட்டுவிட்டேன். வீட்டில் ஓய்வாக இருக்கிறேன். நீ வரப் போவதைக் கேட்டதும் உன் அத்தானுக்கு ஏக சந்தோஷம். கொழுந்தியாள் வருகிறாள், விருந்தினர் அறையில் தங்குவதாவது என்கிறார். பழைய மனஸ்தாபத்தையெல்லாம் அவர் எப்போதோ மறந்துவிட்டார்.

ரயிலில் வர வேண்டாம். முன்பு எழுதியதை மறந்துவிடு. நிலையம் விமான நிலையத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இரண்டு இடத்தில் மாற வேண்டும். மொத்தம் இரண்டு மணி நேரம். மாலை ஆறு மணிக்குக் கடைசி வண்டி. பதினேழாம் எண் பஸ்ஸையும் நிறுத்திவிட்டார்கள்.

அத்தானே காரோடு வருவார். வெள்ளைக் கார். நீ அடையாளம் தெரிந்துகொள்வதற்காக என் கையாலேயே ஒரு பலகை எழுதிக் கொடுத்திருக்கிறேன். வழியில் எங்கும் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக வீட்டுக்கு வந்துவிடலாம்.

இனி கவுண்டர் முகவரிக்கு எழுதாதே. உறையின் பின்னால் இருக்கும் தபால் பெட்டி எண்ணுக்கு எழுது.

இப்படிக்கு,
அன்பு அக்கா


மார்ச் 9

அக்கா,

என்ன ஆயிற்று உனக்கு? 28ஆம் தேதி கவுண்டர் முகவரிக்கு எழுதியிருந்தேன். அந்தப் பெட்டியைத் திறக்காதே, நோட்டையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு வெளியே வா, நான் வரும்வரை யார் வீட்டிலாவது இரு என்று. அதற்கு ஒரு வரி பதில் இல்லை. பதிலாக வந்திருப்பது இந்த 'நலம். நலமறிய ஆவல்.'

உன் கடிதத்தில் ஆறு பிழைகள். ஒன்று, நிலையம் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இல்லை, கூடத்துக்குக் கீழேயே இருக்கிறது என்று நீதான் எழுதினாய். இரண்டு, மாற வேண்டியதில்லை. மூன்று, முப்பத்தெட்டு நிமிடம். நாலு, கடைசி வண்டி பதினொன்று பத்துக்கு. ஐந்து, பதினேழாம் எண் பஸ் ஓடுகிறது. போன வாரம்தான் எங்கள் மேலாளர் அதில் போய் வந்தார், விசாரித்துவிட்டேன். ஆறு, வழியில் நிறுத்தாமல் எந்தக் காரும் வர முடியாது, பாலத்துச் சாவடி இருக்கிறது.

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நேரம் சொல்கிறவள் நீ. மறதியில் ஒன்று தப்பலாம், ஆறும் தப்புமா? இதை நீயாக எழுதவில்லை. அல்லது எழுதும்போது பக்கத்தில் யாரோ...

தபாலில் சேர்க்கக் கிளம்பிவிட்டேன். பாதிப் படியில் நின்று இதை எழுதுகிறேன். ஏதோ உறுத்துகிறது. என்னவென்று பிடிபடவில்லை. தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. உடனே பதில் போடு.

கடுகு


மார்ச் 13

அன்புத் தங்கைக்கு,

நீ சொன்னதுதான் சரி. ரயில் நிலையம் கூடத்துக்குக் கீழேதான் இருக்கிறது. மாற வேண்டியதில்லை. முப்பத்தெட்டு நிமிடம். கடைசி வண்டி பதினொன்று பத்துக்கு. பதினேழாம் எண் பஸ் ஒன்பதாம் தூணுக்கு எதிரே நிற்கும். பாலத்துச் சாவடியில் கார்கள் நிற்க வேண்டும். வயதாகிவிட்டது, மறதி. திருத்தியதற்கு நன்றி.

படியில் சறுக்கிக் காலை உடைத்துக்கொண்டேன். அசையக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். விமான நிலையத்துக்கு என்னால் வர முடியாது. நீ அத்தானோடு காரில் வா. உன்னைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

இப்படிக்கு,
அன்பு அக்கா


மார்ச் 19, மாலை நாலு மணி
வருகைக் கூடம், விசாரணை கவுண்டர்

அக்கா,

உன் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ 'மூக்குக்கண்ணாடி' என்று சொல்வாயே, உன் தோழி, அவர்தான் எழுந்து இடம் கொடுத்தார். விமானத்தில் ஜன்னலோர இடம் கிடைத்தும் நான் மேகம் பார்க்கவில்லை. உன் கடைசிக் கடிதத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். அதில் ஒரு பிழைகூட இல்லை. அப்போதுதான் உறுத்தியது என்னவென்று புரிந்தது.

நான் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றுதான் நீ அந்த ஆறு பிழைகளையும் விட்டிருந்தாய். என்னைக் காரில் ஏற்றுவதற்கான பொய்கள் என்று அத்தான் விட்டிருப்பார், அவை எனக்கான எச்சரிக்கை என்று அவர் கண்ணுக்குத் தெரியாது. உன்னிடம் மிச்சம் இருந்த ஒரே வாய் அதுதான். நான் ஆறையும் எண் போட்டு வரிசைப்படுத்தி அவருடைய தபால் பெட்டிக்கே அனுப்பி வைத்தேன். ஊரெல்லாம் திருத்துகிறவளுக்கு, எதைத் திருத்தாமல் விடுவது என்று தெரியவில்லை. என்னை மன்னிப்பாயா என்று கேட்கக்கூட வாய் வரவில்லை.

கண்ணாடிக்கார அம்மாவிடம் கேட்டேன். "உங்க அக்கா வேலைய விட்டுப் பதினாறு நாளாச்சு. அதுக்கப்புறம் பாக்கவே இல்ல. கடைசியா உங்ககிட்டேர்ந்து வந்த கடிதத்தக்கூட அவங்க வீட்டுக்காரர்தான் வாங்கிட்டுப் போனார்" என்றார். 28ஆம் தேதிக் கடிதம். பெட்டியைப் பற்றி எழுதியது. வீட்டு முகவரி அந்த அம்மாவுக்கும் தெரியாது. "எங்களையெல்லாம் கூப்பிட்டதே இல்லையே" என்றார்.

போலீஸ் மேசைக்குப் போனேன். முழுக்கக் கேட்டுவிட்டு அங்கிருந்தவர் சொன்னது: "அத்தான் கார் கொண்டாந்திருக்காரு. அக்கா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறாரு. இதுல புகார் எங்கம்மா இருக்கு? நாங்க தினம் அவரோட டீ குடிக்கிறோம்."

அத்தான் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. கையில் பலகை. அதில் 'கடுகு' என்று உன் கையெழுத்து. உலகத்தில் அந்தப் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிடுகிறவள் நீ ஒருத்திதான். அது அந்நியர் கையில் தொங்குகிறது.

அருகில் போனேன். "வாங்க கொழுந்தியாரே. ரயிலா, காரா? என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?" என்றார்.

"ரயில் முப்பத்தெட்டு நிமிஷம்தானாமே" என்றேன்.

"தெரியும். நீங்கதான் திருத்திக் குடுத்தீங்களே." சிரித்தார். "ஆனா ரயில் அக்கா வீட்டுக்குப் போகாதே."

உண்மைதான் அக்கா. ரயிலில் ஏறினால் முப்பத்தெட்டு நிமிடத்தில் பத்திரமாகப் பெரிய நிலையத்தில் இறங்குவேன். விருந்தினர் அறையில் விசிறியைப் போட்டுக்கொண்டு படுப்பேன். நீ எங்கே இருக்கிறாய் என்று தெரிந்த ஒரே வண்டி இதுதான். பத்து நிமிடம் யோசித்தேன். யோசிக்கும் பாவனையில் பயந்துகொண்டிருந்தேன் என்பதுதான் சரி.

"கழிப்பறைக்குப் போய்ட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன். உன் நீல நோட்டில் கார் எண்ணை எழுதச் சொன்னேன். ஏறும் நேரம், நாலு இருபத்தைந்து. கண்ணாடிக்கார அம்மா எழுதினார். ஒன்றரை மணி நேரத்தில் என் குரலில், என் குரலிலேயே, போன் வராவிட்டால் கூடத்தில் இருக்கும் போலீஸிடம் போகாமல் நகரத்துப் போலீஸுக்குச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். வேறு யார் வந்து நான் சேர்ந்துவிட்டதாகச் சொன்னாலும் டிக் போடக் கூடாது என்றும் சொன்னேன்.

இந்தக் கடிதத்தை இங்கேயே விட்டுப் போகிறேன். நாளை நாம் இருவருமாக வந்து வாங்கிக்கொள்வோம்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.

உன்
கடுகு


மார்ச் 19, மாலை நாலு ஐம்பது
உன் தெருமுனைப் போன் பூத்

கடுகு,

இதற்கு அஞ்சல்தலை ஒட்ட வேண்டி வராது என்று நம்பி எழுதுகிறேன். எழுதாமல் உட்கார்ந்திருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

நான் அந்த வீட்டில் இல்லை. உன் தெருவில் இருக்கிறேன்.

என் கால் உடையவில்லை. ஆனால் பூட்டிய வீட்டில் உடையாத காலால் என்ன பயன்? நேற்றுக் காலை அவர் கார் கழுவப் போனபோது, குளியலறை ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகளை ஒவ்வொன்றாக உருவிவிட்டு வெளியே இறங்கினேன். விமான நிலையத்துக்கு வந்து உன்னைத் தடுக்கத் தைரியம் வரவில்லை. அங்கே ஒரு தூண் விடாமல் அவருடைய ஆட்கள். கவுண்டருக்குப் போன் போட்டாலும் சனிக்கிழமை உட்காருகிறவன் அவர்களோடு சீட்டாடுகிறவன். உன்னைக் கூப்பிட இருக்கும் ஒரே எண்ணான அச்சகத்துக்குப் போட்டேன், பயணத்துக்கு முந்தைய நாள் என்று நீ விடுப்பு எடுத்திருக்கிறாய் என்றார்கள். நேற்றுப் பகல் ரயிலைப் பிடித்தேன். இன்று காலை ஐந்து மணிக்கு உன் ஊர். நீ கிளம்புமுன் உன் கதவைத் தட்டிவிடலாம் என்று கணக்கு. வண்டி ஆளில்லாத வெளியில் பத்து மணி நேரம் நின்றது. ஊருக்கெல்லாம் நேரம் சொன்னவளுக்கு அது நேரம் சொல்லவில்லை. நாலு மணிக்கு உன் வீட்டைப் பூட்டியபடி பார்த்தேன். "காலைலயே கெளம்பிட்டாங்களே, ஏரோப்ளேன்ல" என்றார் பக்கத்து வீட்டம்மா.

பச்சைக் கைப்பிடிப் பெட்டி இதோ என் காலடியில் இருக்கிறது. ரயிலில்தான் திறந்தேன். இரண்டு புடவை, ஒரு சீப்பு, மாத்திரை அட்டை. உள்பையில் ஒரு துண்டுச் சீட்டு. கவுண்டரின் போன் எண், என் முத்திரை, என் கையெழுத்து. "போய்ச் சேர்ந்ததும் ஒரு வார்த்தை சொல்லுங்க." ஐந்து வருடமாக அது என் தலைக்கு மேலேயே பரணில் இருந்திருக்கிறது. அவள் போய்ச் சேரவில்லை, கடுகு. நான் டிக் போட்டேன்.

நேற்றே நான் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் இன்று தலை வாரி, சட்டை மாற்றி, பலகையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றிருக்கிறார். அக்கா இல்லாத வீட்டுக்கு உன்னை எதற்கு அழைத்துப் போகிறார்?

கவுண்டர் எண் நாற்பது நிமிடம் கிடைக்கவில்லை. நாலு நாற்பதுக்குக் கிடைத்தது. மூக்குக்கண்ணாடி அழுதுகொண்டே உன் கடிதத்தைப் படித்தாள். நாலு இருபத்தைந்துக்குக் கிளம்பிய கார். முப்பத்தைந்து நிமிடம். ஐந்து மணிக்குப் பாலம். உடனே சாவடிக்குப் போட்டேன். அந்த எண்ணை நான் எங்கும் பார்க்க வேண்டியதில்லை.

"பாலம் எப்படி?" என்று கேட்டுவிட்டேன், பழக்க தோஷம்.

"அம்மா! எங்க போனீங்க? பதினாறு நாளா வேற யாரோ கேக்கறாங்க. காலிம்மா, ஒரு வண்டி இல்ல" என்றது அந்தக் குரல்.

சொன்னேன். முழுவதும் அல்ல. வெள்ளைக் கார், எண், பின்னால் என் தங்கை. அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. "எத்தனை மணிக்கு?"

"அஞ்சு."

"நீங்க சொன்னா அஞ்சுதான். தடுப்புக் கட்டைய எறக்கி வெச்சிட்டு ஆளுங்களோட நிக்கறேன். நீங்க அங்கயே இருங்க, நானே கூப்புடறேன்" என்று இந்த பூத்தின் எண்ணை வாங்கிக்கொண்டார்.

ஆனால் கடுகு, கட்டை சாவடியில் இருக்கிறது. மண்பாதை அதற்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் பிரிகிறது.

நாலு ஐம்பத்தாறு. பூத்துக்காரம்மா தண்ணீர் கொடுத்தார். கல்யாணத்தன்று உன் நாலு கேள்விகள் என்னவென்று நினைத்துப் பார்க்கிறேன். சாப்பிட்டாயா, களைப்பாக இருக்கிறதா, வேலைக்குப் போவாயா. நாலாவது, நீ சந்தோஷமாக இருக்கிறாயா. அதற்கும் அவர்தான் பதில் சொன்னார். "ரொம்ப" என்றார்.

ஐந்து மணி.

ஐந்து ஒன்று. நெரிசல் இல்லை என்றாரே. காலியான பாதையில் முப்பத்தைந்து நிமிடம் முப்பத்தைந்து நிமிடம்தான்.

ஐந்து இரண்டு. நான் சொன்ன நேரம் தப்பியதில்லை. சொல்லாமல் விட்டது எத்தனை, டிக் போட்டு மூடியது எத்தனை.

ஐந்து ஐந்து. போன்.

சாவடிக் குரல்தான். "அம்மா, வண்டி வந்து நின்னுச்சு. சரியா அஞ்சு." மூச்சு வாங்கியது அவருக்கு. "அந்தாளு கட்டையைப் பாத்தாரு, எங்களைப் பாத்தாரு. சாவியைக்கூட எடுக்கல, கதவைத் திறந்து விட்டுட்டு இறங்கி நடந்துட்டாரும்மா. எந்தப் பக்கம் போனாருன்னு தெரியல. ஆளுங்கள அனுப்பியிருக்கேன்."

"பின்னாடி?" என்றேன். மறுபடி கேட்டேன்.

"பின்னாடி ஒரு அம்மா இருந்தாங்க. உங்க தங்கச்சிதானான்னு எனக்கு எப்படித் தெரியும்? கேட்டா பதில் சொல்லல. நேரா உள்ள வந்து, சாவடிக் கடிகாரத்தப் பாத்து, இது மூணு நிமிஷம் பின்னால போகுது, திருத்துங்கன்னு சொல்றாங்கம்மா."

சிரித்தேனா, அழுதேனா, தெரியவில்லை. பூத்துக்காரம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

உன் அத்தான் எங்கோ நடந்துகொண்டிருக்கிறார், கடுகு. ஆற்றங்கரையிலோ குவாரிப் பக்கமோ, அவசரமில்லாமல். கதவைத் தாழிட்டுக்கொண்டு அந்தச் சாவடிக்குள்ளேயே இரு. யார் அழைத்தாலும், நான் அனுப்பியதாகச் சொன்னாலும், எந்த வண்டியிலும் ஏறாதே. இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறேன், ஏனென்றால் மறுமுனையில் சாவடிக்காரர், "பக்கத்துலதான் நிக்கறாங்க, பேசறீங்களா?" என்று இரண்டாம் முறையாகக் கேட்கிறார். உன் சபதம் எனக்கு நினைவு வருகிறது.

பேனாவை மூடுகிறேன்.